கைக்கும் தொண்டைக்கும் எட்டுகிற பாட்டு

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். என் கையெழுத்து கோணல். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் என்பதால் எழுத்துப் பிழையும் நிறைய இருக்கும். புதிதாக கிட்டார் பிடிக்கிறவர்கள் எந்தப் பாட்டில் தொடங்கலாம் என்று சபைப் பத்திரிகைக்கு எழுதித் தரும்படி எங்கள் சபையில் கீபோர்டு வாசிக்கிற தம்பி கேட்டார். பிழையைத் திருத்தி அவரே டைப் செய்துகொள்வாராம். எனக்கு கிட்டாரும் சரியாக வராது. ஒரு பாட்டைத் தேடி நானும் என் மனைவியும் அலைந்த கதை மட்டும் தெரியும். அதில் தம்பியும் வருகிறார். டைப் செய்யும்போது அவர் வருத்தப்படக் கூடாது.

நான் டைல்ஸ் ஒட்டுகிறவன். கூடுவாஞ்சேரி, கேளம்பாக்கம், கோவிலம்பாக்கம் என்று எங்கே வீடு எழும்புகிறதோ அங்கே வேலை. பகல் முழுக்க முட்டி போட்டே நகர வேண்டும். தாம்பரத்தில் ரயிலை விட்டு இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்து வீட்டுக்குள் நுழையும்போது முட்டி மடங்காது, மடங்கினால் நிமிராது. அந்த நேரத்தில் என் மனைவி அடுப்படியில் பாடிக்கொண்டிருப்பாள். சபையில் முன்வரிசையில் நின்று பாட்டைத் தொடங்கி வைப்பவள் அவள்தான். வீட்டில் அதே பாட்டை மெதுவாக, பாதி வார்த்தையை விழுங்கிப் பாடுவாள். நான் கட்டிலில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். நன்றாக இருக்கிறது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. எனக்கு அப்படியெல்லாம் சொல்ல வராது.

சென்ற வருடம் அவள் கழுத்தில் கட்டி வந்தது. ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். கெட்ட கட்டி இல்லை என்று ரிப்போர்ட் வந்தபோது இரண்டு பேரும் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அழுதோம். டாக்டர் ஒன்று சொன்னார்: “பேச்சு நல்லா வந்துடும். பாட்டுல மேல போறது கஷ்டம். திரும்ப வரலாம், வராமலும் போகலாம்.” உயிர் இருக்கும்போது பாட்டு என்ன பெரிதா என்று அன்றைக்கு நினைத்தோம்.

பேச்சு வந்தது, கொஞ்சம் கரகரப்பாக. பாட்டு வரவில்லை. ஒரு நாள் அடுப்படியில் இரண்டு வரி தொடங்கினாள். மேலே ஏற வேண்டிய இடத்தில் குரல் போய் வெறும் காற்று வந்தது. அதோடு நிறுத்திவிட்டாள். அதற்குப் பிறகு சாயங்காலங்களில் குக்கர் சத்தமும் பக்கத்து வீட்டு டிவி சத்தமும்தான். நான் கட்டிலில் படுத்துப் பல்லியைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய வியாதியிலிருந்து பிழைத்தவர்கள், மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமையில் குடும்பமாக முன்னால் போய் நின்று, கர்த்தர் எப்படிக் குணமாக்கினார் என்று சாட்சி சொல்ல வேண்டும். சொல்லி முடித்து ஒரு பாட்டுப் பாட வேண்டும். பாடத் தெரியாதவர்கள்கூட எப்படியோ பாடிவிட்டு வந்துவிடுவார்கள். என் மனைவி பாடினால் எப்படி இருக்கும் என்று சபை முழுக்கத் தெரியும். அதனாலேயே அவள் ஒளிந்துகொண்டு திரிந்தாள்.

பாஸ்டரம்மா விடவில்லை.

“சிஸ்டர், ஆபரேஷன் முடிஞ்சு எவ்ளோ நாள் ஆச்சு. சாட்சி எப்போ?”

“தொண்டை இன்னும் சரியாவலம்மா.”

“கர்த்தர் குடுத்த தொண்டை. அவருக்குப் பாட என்ன யோசனை?”

ஒரு சனிக்கிழமை பாட்டுக் குழுவோடு நின்று பார்த்தாள். கீபோர்டு தம்பி அவளுக்காக ஒரு பட்டனை அழுத்திச் சுருதியை நன்றாக இறக்கினார். மற்றப் பெண்களால் அவ்வளவு கீழே பாட முடியவில்லை. அவர்களில் ஒருத்தி, “அக்கா, இது ஆம்பளைங்க சுருதி” என்று சிரித்தாளாம். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் என் மனைவி வீட்டுக்கு வந்து, முந்தானையைக் கழுத்துத் தழும்பின் மேல் இழுத்துச் சுற்றிக்கொண்டு, “இனிமே நான் அந்தப் பக்கம் நிக்க மாட்டேன். யாரும் இல்லாம இருந்தா பாடலாம். அவங்க பக்கத்துல நின்னு முடியாது” என்றாள்.

நான் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்: “நான் வாசிக்கிறேன். நீ பாடு. நாம ரெண்டு பேர் மட்டும்.”

“நீங்களா? காணிக்கைப் பையை எடுத்துக்கினு வரிசையில போவச் சொன்னாலே பாத்ரூமுக்குப் போயிடுவீங்க.”

“கிட்டார் சும்மாதானே கீது.”

பீரோவுக்கு மேலே ஒரு கிட்டார் இருந்தது. காலேஜ் படிக்கும்போது எங்கள் பையன் வாங்கியது. அவன் இப்போது பெங்களூரில் வேலையில் இருக்கிறான். தூசியைத் துடைத்து மடியில் வைத்தபோது எதைப் பிடித்து எதைத் தட்டுவது என்றே தெரியவில்லை. போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொள்ளத் தொடங்கினேன். விரல்களை அந்தந்தத் தந்தி மேல் ஒன்றாக வைத்து அழுத்துகிற பிடிக்குக் கார்டு என்று பெயர். ஜி ஒரு பிடி, சி ஒரு பிடி, டி ஒரு பிடி. சிமெண்டில் ஊறிக் காய்த்த விரல் ஆயிற்றே, கம்பி வலிக்காது என்று நினைத்திருந்தேன். வலித்தது. காய்ப்பு இருந்த இடம் வேறு, கம்பி படுகிற இடம் வேறு.

எல்லா வீடியோவிலும் ஒரே புத்திமதிதான். புதிதாகக் கற்பவர் மூன்று கார்டுக்கு மேல் இல்லாத பாட்டாக, மெதுவான பாட்டாக, எல்லோருக்கும் தெரிந்த பாட்டாக எடுக்க வேண்டும். நானும் அப்படியே சபைப் பாட்டுப் புத்தகத்தை வைத்துத் தேடினேன். முதலில் எடுத்த பாட்டில் எஃப் என்று ஒரு கார்டு வந்தது. ஆள்காட்டி விரலைப் படுக்க வைத்து எல்லாத் தந்திகளையும் சேர்த்து நசுக்க வேண்டும். எனக்குத் தந்தி ஒவ்வொன்றும் செத்த சத்தம் கொடுத்தது. அதை விட்டேன். அடுத்த பாட்டில் இரண்டே கார்டு. கைக்கு வெண்ணெய் மாதிரி இருந்தது. ஆனால் சரணம் எடுத்த எடுப்பிலேயே மேலே பறந்தது. என் மனைவி அதைக் கேட்டுவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள். கைக்குச் சுலபமான பாட்டு ஒன்று, தொண்டைக்குச் சுலபமான பாட்டு இன்னொன்று என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. இரண்டும் சேர்ந்த பாட்டு எந்த வீடியோவிலும் இல்லை.

கிட்டார் கழுத்தில் மாட்டுகிற கிளிப் ஒன்று உண்டு, கேப்போ என்பார்கள். அதைப் போட்டால் சுருதி மாறும், பிடியை மாற்ற வேண்டாம் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். மேற்குத் தாம்பரம் மார்க்கெட் பக்கம் ஒரு இசைக்கருவிக் கடை இருக்கிறது. வேலை முடிந்து சிமெண்ட் கையோடு போய் அதை வாங்கிவந்தேன். நடுக்கழுத்தில் மாட்டி ஜி பிடித்துத் தட்டினேன்.

“பாடு.”

அவள் வாயைத் திறந்து, உடனே மூடி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. துருப்பிடித்த கேட்டைத் திறக்கிற மாதிரி இருந்தது சிரிப்பு. “கொசு பாடற மாதிரி கீது. இன்னும் மேல ஏத்திட்டீங்களே. என்னை ஒரேயடியா அனுப்பிடலாம்னு பாக்கறீங்களா?”

மறுநாள் கடைக்காரரிடம் போனேன்.

“அண்ணா, அது ஏத்தத்தான் ஏத்தும். இறக்காது. யாருக்கு இறக்கணும்?”

வீட்டம்மாவுக்கு என்று சொல்ல வெட்கமாக இருந்தது. “ஒருத்தருக்கு” என்றேன்.

“அப்போ எல்லாத் தந்தியையும் ஒரே மாதிரி லூஸ் பண்ணுங்க. போன்ல டியூனர் கீதுல்ல? ஒவ்வொண்ணுக்கும் முன்னாடி எழுத்துக்கு இறக்குங்க. ஈ-ய டி ஆக்குங்க, பி-ய ஏ ஆக்குங்க.”

“ஏ-ன்னு ஒரு தந்தி கீதே. அதுக்கு முன்னாடி எழுத்தே இல்லையே.”

அவர் சிரிக்காமல்தான் சொன்னார். “மியூசிக்ல ஏ-க்கு முன்னாடி ஜி-ண்ணா. அது அப்பிடித்தான், சுத்திக்கினு வரும்.”

அன்றைக்கு ஷேர் ஆட்டோவில் வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். வீட்டில் எல்லாத் தந்தியையும் இறக்கினேன். அவள் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்றாள். தந்தி தளர்ந்து மழையில் நனைந்த மேளம் மாதிரி சத்தம் வந்தது. அந்தச் சுருதியில், பாட்டுப் புத்தகத்தில் சின்னக் குழந்தைக்கும் தெரிந்த ஒரு ஸ்தோத்திரப் பாட்டை அவளால் முழுதாகப் பாட முடிந்தது. மூன்று கார்டு, மெதுவான பாட்டு, எல்லோருக்கும் தெரிந்த பாட்டு. வீடியோ சொன்ன எல்லாம் இருந்தது.

தினமும் சாப்பாட்டுக்கு முன்னால் பழகினோம். அவளோடு சேர்ந்து நானும் மெல்லப் பாட வேண்டும் என்றாள். நான் வாயைத் திறந்தால் கை நின்றுவிடும். கை ஓடினால் வாய் நின்றுவிடும். கடைசியில் தாளத்துக்கு ஒரு தட்டு, வார்த்தைக்கு ஒரு முனகல் என்று ஒப்பேற்றினேன். சில நாள் கிட்டாரைப் பிடித்தபடியே தூங்கிவிழுவேன். அவள் முழங்கையால் இடிப்பாள். சலிப்பாகத்தான் இருந்தது. ஆனாலும் அவள் குரல் வந்துகொண்டிருந்தது, கீழே, தடிப்பாக, வேறு யாரோ பாடுகிற மாதிரி.

மாதத்தின் முதல் ஞாயிறு வந்தது. முன்னால் போய் நின்றோம். அவள் சாட்சியைச் சுருக்கமாகச் சொன்னாள். நான் என் செருப்பில்லாத காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பாட்டைத் தொடங்கினோம். முதல் வரி நன்றாக வந்தது. மைக்கில் அவள் குரல் கனமாக, அழகாக இருந்தது. இரண்டாம் வரியில் பின்வரிசையில் யாரோ கூடப் பாட ஆரம்பித்தார்கள். எல்லோருக்கும் தெரிந்த பாட்டு. எங்கள் சபை ஜனங்களுக்குத் தெரிந்த பாட்டு காதில் விழுந்தால் வாய் சும்மா இருக்காது. கைதட்டலும் சேர்ந்தது. அவர்களுக்குப் பழகிய சுருதி மேலே இருக்கிறது. ஆகவே பாட்டு மேலே போனது. நாங்கள் தடுமாறுவதைப் பார்த்துக் கீபோர்டு தம்பி அன்போடு உதவிக்கு வந்தார். அவரும் வழக்கமான சுருதியில்தான் வந்தார்.

என் கிட்டார் ஒரு பக்கம் இழுத்தது, சபை ஒரு பக்கம் இழுத்தது. என் மனைவி அவர்களோடு ஏறிப் பார்த்தாள். மைக்கில் ஒரு கீறல் கேட்டது. அதற்குப் பிறகு அவள் உதடு மட்டும் அசைந்தது. நான் தந்தி மேல் உள்ளங்கையை வைத்துச் சத்தத்தை அணைத்தேன். மீதிப் பாட்டைச் சபையே பிரமாதமாகப் பாடி முடித்தது.

கூட்டம் முடிந்ததும் பாஸ்டரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “சூப்பரா பாடினீங்க சிஸ்டர். சபையே எழும்பிடுச்சு பாத்தீங்களா?” யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. அவள் பாடவில்லை என்பதே தெரியவில்லை.

வீட்டு வாசலில் பூட்டைத் திறக்கும்போது அவள் சொன்னாள்: “நம்ம பாட்ட அவங்களே பாடிட்டாங்க.”

நான் கிட்டாரை உறையில் போட்டுப் பீரோ மேல் வைத்தேன். கூடுவாஞ்சேரியில் நான்கு மாடிக் கட்டிடத்தில் வேலை கிடைத்திருந்தது. பழையபடி போனேன், வந்தேன், படுத்தேன். அந்த நாட்களைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. ஒருவருக்கொருவர் சாப்பிட்டாயா என்று கேட்டுக்கொள்வோம், அவ்வளவுதான். முயற்சி செய்யாமலே இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. முன்பு அவளால் பாட முடியவில்லை. இப்போது நான் வேறு சேர்ந்து, ஊர் முன்னால் அதை நடத்திக் காட்டிவிட்டேன்.

எங்கள் சபையில் வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபம் முறை வைத்து வீடு வீடாக நடக்கும். எந்த வீட்டில் கூட்டமோ அந்த வீட்டார்தான் முதல் பாட்டைத் தொடங்க வேண்டும். எங்கள் முறை வந்தது. அந்த வாரத்தின் ஒரு சாயங்காலம், கீரையை ஆய்ந்துகொண்டே அவள் பாட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள். அதிகம் திறக்காததால் அந்தப் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. யாரும் பாடாத பாட்டுகள் அங்கே இருக்கின்றன. மேலே ராகம், தாளம் என்று பெயர் போட்டிருக்கும். அந்த ராகம் எப்படிப் போகும் என்று தெரிந்தவர் எங்கள் சபையில் இல்லை.

“அதை எறக்குங்க” என்று கிட்டாரைக் காட்டினாள்.

“எதுக்கு?”

“இந்தப் பாட்டு யாருக்குன்னா தெரியுமா?”

எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்தேன். “எனக்குத் தெரியாது.”

“எனக்கும் தெரியாது. பாஸ்டரம்மாவுக்கும் தெரியாது. தெரிஞ்சாத்தானே கூடப் பாடுவாங்க?”

எனக்குக் கொஞ்ச நேரம் புரியவில்லை. புரிந்ததும், “ராகத்துக்கு எங்க போறது?” என்று கேட்டேன்.

“எனக்கு எதுவரைக்கும் வருதோ அதுவரைக்கும்தான் ராகம்.”

இரண்டு விரலில் பிடிக்கிற ஒரு கார்டு உண்டு, ஈ மைனர். கிட்டாரிலேயே சோம்பேறிப் பிடி அதுதான். அதைத் தட்டிக்கொண்டே இருந்தேன். அவள் பாட்டின் வார்த்தைகளைக் கீழேயே வைத்து, பேசுகிற மாதிரி இழுத்தாள். ஓர் இடத்தில் மட்டும் கொஞ்சம் ஏறி, பயந்து, இறங்கினாள். அந்த இடத்துக்கு இன்னொரு கார்டு தேவைப்பட்டது. டி போட்டுப் பார்த்தேன், பொருந்தியது. ஆக மொத்தம் இரண்டு கார்டு. கீரை வாடும்வரை அதையே பாடினோம்.

வெள்ளிக்கிழமை வீடு நிறைய ஆட்கள். கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாய்த்துப் பாய் போட்டிருந்தோம். நான் மூலையில் கிட்டாரோடு உட்கார்ந்தேன். அவள் பாட்டு எண்ணைச் சொன்னாள். எல்லோரும் புத்தகத்தைத் திறந்தார்கள். திறந்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

அவள் பாடினாள். யாருமே கூடப் பாடவில்லை. கீபோர்டு தம்பி முதல் வரி திரும்ப வரும்போது தலையை ஆட்டி முனகிப் பார்த்தார். பாட்டு எந்தப் பக்கம் திரும்பும் என்று பிடிபடாமல் நிறுத்திக்கொண்டார். இரண்டாம் சரணத்தின் நடுவில் அவளுக்கு இருமல் வந்துவிட்டது. நல்ல இருமல். சபையாக இருந்திருந்தால் அந்த இடத்தை உடனே பத்துக் குரல் நிரப்பியிருக்கும். இங்கே நிரப்ப யாராலும் முடியவில்லை. எல்லோரும் காத்திருந்தார்கள். நான் சோம்பேறிப் பிடியைத் தட்டிக்கொண்டே இருந்தேன். அவள் தண்ணீர் குடித்தாள், தொண்டையைச் செருமினாள், விட்ட வார்த்தையிலிருந்தே எடுத்தாள். கடைசிச் சரணம்வரை போனாள்.

பாஸ்டரம்மா புத்தகத்தை மூடாமல் கேட்டார். “சிஸ்டர், மேல போட்டிருக்கிற ராகம் இது இல்லன்னு நினைக்கிறேனே?”

“இல்லம்மா. இது எங்க வூட்டு ராகம்.”

“அப்படியா” என்றார் பாஸ்டரம்மா. புத்தகத்தை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு. எங்களுக்கும் சொல்லிக் குடுங்களேன்” என்றார்.

“அது மட்டும் வேணாம்மா” என்றாள் என் மனைவி. எல்லோரும் சிரித்தார்கள். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும்.

புதிதாகக் கற்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். கார்டை எண்ணுவதற்கு முன்னால், பாடப்போகிறவர் தொண்டையைப் பாருங்கள். எல்லோருக்கும் தெரிந்த பாட்டு நல்ல பாட்டுதான். ஆனால் அதில் உங்களுக்கு இடம் இருக்கிறதா என்று ஒரு தடவை யோசித்துக்கொள்ளுங்கள்.

அன்று இரவு எல்லோரும் டீ குடித்துவிட்டுப் போன பிறகு பாயைச் சுருட்டினேன். அவள் டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தாள்.

“மூணாவது சரணத்துல ஓடிட்டீங்க. நான் மூச்சு வாங்கறதுக்குள்ள.”

“பயத்துல கை போயிடுச்சு.”

“அடுத்த தடவை என் மூஞ்சியப் பாத்துக்கினு வாசிங்க. தரையப் பாக்காதீங்க.”

சரி என்றேன். அடுத்த தடவை என்று அவள் சொன்னதைத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்க வேண்டும் போல் இருந்தது. கேட்கவில்லை. மறுநாள் கேளம்பாக்கத்தில் வேலை, விடியும் முன்னால் கிளம்ப வேண்டும். கட்டிலை இறக்கிப் போட்டுப் படுத்தோம். முட்டி வலித்தது. தைலம் தேய்த்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை, 17 நவம்பர் 2024